சோறு எப்போது, பயிற்சி எப்போது: மலையில் எடை குறைக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

குன்னூரில் ஒரு சின்ன ஜிம்மில் 11 ஆண்டுகளாகப் பயிற்சி கொடுத்து வருகிறேன். எஸ்டேட் ஆபீஸ் ஊழியர்கள், ஆசிரியைகள், மேட்டுப்பாளையம் ரோட்டில் நாள் முழுக்க வண்டி ஓட்டும் டிரைவர்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் என்று பலவிதமானவர்கள் வருகிறார்கள். எந்த வேலையில் இருந்தாலும் முதல் வாரத்தில் அவர்கள் கேட்பது எடைக்கல்லைப் பற்றி அல்ல, சோற்றைப் பற்றி. திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். சோறு, இட்லி, ராகி, கிழங்கு, பழம், சர்க்கரை எல்லாவற்றிலும் இருப்பதை மாவுச்சத்து என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ராத்திரி ஏழு மணிக்கு மேல சோறு சாப்பிட்டா அப்படியே கொழுப்பாயிடுமா, மாஸ்டர்?

ஆகாது. ஏழு மணி என்று ஒரு கோடு உடம்புக்குள் எங்கும் போட்டிருக்கவில்லை. ஒரு நாளில், ஒரு வாரத்தில் உள்ளே போனது எவ்வளவு, செலவானது எவ்வளவு என்ற கணக்குத்தான் கொழுப்பைக் கூட்டுகிறது, குறைக்கிறது.

இஸ்ரேலில் உடல்பருமன் உள்ள போலீஸ்காரர்கள் 78 பேரை வைத்து ஆறு மாதம் ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் வெளிவந்தது. எல்லோருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு பிரிவினர் அன்றைய மாவுச்சத்தில் பெரும்பகுதியை இரவுச் சாப்பாட்டில் வைத்துக்கொண்டார்கள், மற்றவர்கள் நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட்டார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்கு எடை கூடவில்லை. சற்று அதிகமாகவே குறைந்தது, பசியும் அடங்கியிருந்தது. இதைப் படித்துவிட்டு ராத்திரி மூக்குமுட்டச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவு என்பதற்காகச் சோற்றைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஏழு மணிக்கு மேல் வாயைக் கட்டியவர்களுக்கு எடை குறைவது உண்மைதான். டிவி முன்னால் உட்கார்ந்து கொறித்ததெல்லாம் நின்றுபோனதால் குறைந்தது அது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான சாப்பாட்டில் மாவுச்சத்து நேராகக் கொழுப்பாக மாறுவது மிகக் குறைவு. உடம்பு அதை முதலில் எரிக்கும், மிச்சத்தைத் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேர்க்கும். அது எரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் கூடவே உள்ளே போன எண்ணெய்க்கும் நெய்க்கும் வேலை இருக்காது, அவை போய்த் தங்கிவிடும். ஆகவே அளவுக்கு மீறினால் தொப்பை வரும், வராமல் இருக்காது. வெறும் சோற்றைவிட மைதா, சர்க்கரை, டால்டா மூன்றும் சேர்ந்த பண்டம்தான் சுலபமாக அளவை மீற வைக்கும்.

காலையில வெறும் வயித்துல ஓடினாத்தான் கொழுப்பு கரையும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. வெறும் வயிற்றில் ஓடும் அந்த ஒரு மணி நேரத்தில் உடம்பு கொழுப்பைச் சற்று அதிகமாக எரிப்பது நிஜம். ஆனால் உடம்பு மிச்ச 23 மணி நேரத்திலும் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் கொழுப்பை அதிகம் எரித்தால் பிறகு மாவுச்சத்தை அதிகம் எரித்துச் சமன் செய்துவிடும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் இளம்பெண்கள் 20 பேர் நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்தார்கள். ஒரு பாதி வெறும் வயிற்றில், ஒரு பாதி சாப்பிட்டுவிட்டு. இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி குறைந்த கலோரிச் சாப்பாடு. கடைசியில் இரண்டு பிரிவிலும் எடையும் கொழுப்பும் குறைந்தன, பிரிவுகளுக்கு நடுவே வித்தியாசம் சொல்லும்படி இல்லை.

நானே இதை நம்பி ஓடியவன். 26 வயதில் சமவெளியில் ஒரு பயிற்சியாளர் சொன்னதைக் கேட்டு, ஒரு மாதம் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ஃபோர்டு ஏறி சிம்ஸ் பூங்கா வரை ஓடினேன். ஏற்றத்தில் கால் கனத்துப்போகும், பாதி வழி நடைதான். பத்து மணிக்கு வருகிற பசியில் எதைப் பார்த்தாலும் சாப்பிடத் தோன்றும். மாதக் கடைசியில் எடை அரைக் கிலோகூட இறங்கவில்லை. அதன்பிறகு ஓடுவதற்கு முன் ஒரு மலைவாழைப்பழம் சாப்பிட ஆரம்பித்தேன். முழுத் தூரமும் ஓட முடிந்தது, பத்து மணிப் பசியும் அடங்கியது.

காலையில் சாப்பிட்டால் குமட்டுகிறது என்பவர்கள், அரை மணி நேரம் சமதளத்தில் நடக்கிறவர்கள் வெறும் வயிற்றிலேயே போகலாம், தப்பில்லை. ஏற்றம் ஏறுகிறவர்கள், எடை தூக்குகிறவர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அப்போ முன்னாடி என்ன சாப்பிடறது, எவ்வளவு நேரம் முன்னாடி?

நேரம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சாப்பிடலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் இருந்தால் வழக்கமான சாப்பாடு: சோறு, பருப்பு, பொரியல், முட்டை. ஒரு மணி நேரம் இருந்தால் 30 முதல் 40 கிராம் மாவுச்சத்து போதும். கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் ஒரு சின்னப் பழம்.

வீட்டுக் கணக்கில் சொன்னால், சின்ன மலைவாழைப்பழம் ஒன்றில் சுமார் 15 கிராம், நடுத்தர இட்லி இரண்டில் சுமார் 20, வேகவைத்த உருளைக்கிழங்கு 150 கிராமில் சுமார் 30, ஒரு கப் சோற்றில் 40 முதல் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும். எண்ணெய்ப் பலகாரமும் புரோட்டாவும் பயிற்சிக்கு முன் வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரமாகும், குனிந்து எடை தூக்கும்போது நெஞ்சுக்கு ஏறும்.

உருளைக்கிழங்கு நம் மண்ணில் விளைவது, மலிவு, பயிற்சிக்கு முன் சாப்பிட அருமையான பொருள். ஆனால் குக்கரில் வேகவையுங்கள். ஊட்டி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் கிழங்கு வேக நேரம் பிடிக்கும். பொறுமையில்லாமல் இறக்கிய அரைவேக்காட்டுக் கிழங்கைத் தின்றுவிட்டு ஓடினால் வயிறு உப்பும்.

முடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள சாப்பிடலைன்னா பயிற்சியே வீணா?

இல்லை. பயிற்சி முடிந்தவுடன் தசை சர்க்கரையை வேகமாக உறிஞ்சும், இன்சுலினையே அதிகம் எதிர்பார்க்காமல் உறிஞ்சும். அது உண்மை. ஆனால் அந்த வேகம் யாருக்குத் தேவை? எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி பயிற்சி இருப்பவருக்கு. நாளைக்குத்தான் அடுத்த பயிற்சி என்றால், நாள் முழுக்கச் சாப்பிடும் சாப்பாட்டிலேயே கிளைகோஜன் நிரம்பிவிடும். வீட்டுக்குப் போய், குளித்து, நிதானமாகச் சாப்பிடுங்கள். அந்தச் சாப்பாட்டில் புரதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடை குறைக்கும் காலத்தில் தசை கரையாமல் காப்பது எடைப் பயிற்சியும் புரதமும்தான். எடைப் பயிற்சி செய்கிறவர்கள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான்.

மாஸ்டர், காலையில மதியம் எல்லாம் ஒழுங்காத்தான் சாப்பிடறேன். சாயந்திரம் அஞ்சு மணிக்கு எல்லாம் கெட்டுப்போகுது.

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி இது. மலைக்காரர்களின் எடை ஏறுவது இந்த அஞ்சு மணியில்தான் என்பது என் அனுபவம்.

மதியம் ஒன்றரை மணிக்குச் சாப்பாடு. மூன்று மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கும், கை விறைக்கும். டீக்கடையில் கண்ணாடிப் பாட்டிலில் வர்க்கி, வாணலியில் பஜ்ஜி. ஒரு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், நான்கு டீ குடித்தால் 40 கிராம், அதாவது 160 கலோரி. வர்க்கி பார்க்க எடையில்லாமல், பொறபொறவென்று இருக்கும். ஆனால் அந்த அடுக்கு அடுக்கான மாவுக்கு நடுவே இருப்பது கொழுப்பு. மூன்று, நான்கு வர்க்கி உள்ளே போனதே தெரியாது. வயிறும் நிறையாது. எட்டு மணிக்கு வழக்கமான சாப்பாடு அப்படியே இன்னொரு முறை.

இதை மன உறுதியால் ஜெயிக்க வேண்டும் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. காலையில் ஒரு டீ, மதியம் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க நின்று வேலை செய்த ஆசிரியைக்கு ஐந்து மணிக்குப் பசிப்பது குற்றமா என்ன? சாப்பாட்டு நேரத்தை மாற்றியமைத்தால் அந்தப் பசி பயிற்சிக்கு உதவும்.

என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இது. நாலரை மணிக்கு ஒரு சின்ன கப் சுண்டலோ, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் ஒரு பழமுமோ, ஒரு முட்டையும் ஒரு வேகவைத்த கிழங்குமோ சாப்பிடுங்கள். கூடவே ஒரு டீ, சர்க்கரை அரைக் கரண்டி. ஐந்தரைக்குப் பயிற்சி. ஏழரைக்குச் சோறும் குழம்பும் காயும், பயமில்லாமல், அளந்து போட்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் மாவுச்சத்து இருப்பதால் பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போகும்போது கால் நிற்பதில்லை. மாவுச்சத்தை நேரம் பார்த்துச் சாப்பிடுவதில் எனக்குத் தெரிந்த பெரிய பலன் இதுதான்: பயிற்சி நன்றாக நடக்கிறது, சாயங்காலம் கை நீளாமல் இருக்கிறது. கொழுப்பைக் கரைக்கிற வேலையை நாள் முழுக்கச் சாப்பிட்ட அளவு பார்த்துக்கொள்கிறது. தினமும் 500 கலோரி குறைந்தால் ஏறக்குறைய வாரத்துக்கு அரைக் கிலோ.

வர்க்கியை ஒரேயடியாக விட்டுவிடச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பண்டம், அம்மா டீயில் தொட்டுக் கொடுத்த பண்டம். ஞாயிற்றுக்கிழமை ஒன்று, ருசித்துச் சாப்பிடுங்கள்.

குளிர்லயும் உயரத்துலயும் இருக்கறதால நமக்குக் கொழுப்பு தானா கரையுமா?

கரையாது. குளிரில் உடம்பு நடுங்கினால் சக்தி செலவாகும், ஆனால் நாம்தான் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொள்கிறோமே. கூடுதல் பசிதான் மிச்சம்.

உயரம் வேறு விஷயம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஊட்டி சுமார் 2,240, கொடைக்கானல் சுமார் 2,100. கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அங்கே ஓடிய வேகத்தில் இங்கே ஓடப் பார்த்தால் மூச்சு முட்டும், உடம்பு மாவுச்சத்தை அதிகமாக இழுக்கும். முதல் இரண்டு, மூன்று வாரம் வேகத்தைக் குறையுங்கள், அந்த வாரங்களில் சோற்றைக் குறைக்காதீர்கள். குளிரில் தாகமும் தெரியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள்.

சோறு நிறுத்தி மூணு நாள்ல 2 கிலோ இறங்கிடுச்சு! இப்படியே தொடரலாமா?

இறங்கியதில் பெரும்பகுதி தண்ணீர். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தசையில் 300 முதல் 500 கிராம், ஈரலில் 100 கிராம் வரை கிளைகோஜன் இருக்கலாம் என்றால், அது வற்றும்போது எடை மெஷினில் என்ன தெரியும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். நான்காம் நாள் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டதும் அந்த 2 கிலோ திரும்பும். அது கொழுப்பு இல்லை, அழ வேண்டாம்.

தம்பி, நான் நாள் முழுக்க கொழுந்து பறிக்கிறேன். சோத்தை விடச் சொல்றாங்க. விடணுமா?

விடாதீர்கள் அக்கா. முதுகில் கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறி இறங்குவதைவிடப் பெரிய பயிற்சி எங்கள் ஜிம்மில் இல்லை. உங்கள் மதியச் சோறு பயிற்சிக்கு நடுவே சாப்பிடும் சாப்பாடு, அதைக் குறைத்தால் பின்மதியம் தலை சுற்றும், சரிவில் கால் வழுக்கும்.

நான் பார்த்தவரையில், டிபன் பாக்ஸில் சோறு நிறைய இருக்கும், கூட ஒரு ஊறுகாயோ தண்ணியான குழம்போ இருக்கும். பருப்பு, முட்டை, அவரை இல்லை. அதனால் சோற்றில் ஒரு கரண்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவரையோ மொச்சையோ ஒரு கரண்டி வையுங்கள். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச டீ விடாது, ரத்தசோகை இருக்கிற பெண்களுக்கு அது பெரிய இழப்பு. குறைக்க வேண்டுமானால் வேலை இல்லாத நாளின் சோற்றைக் குறையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பறிக்கப் போகாமல், திங்கட்கிழமை அளவுக்கே சாப்பிடுகிறோம் இல்லையா, அங்கே கை வைக்கலாம்.

அரிசியை விட்டுட்டு ராகி, சாமைக்கு மாறினா?

மாறலாம், நல்லதுதான். நம் ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், பாட்டிமார் ராகிக் களியும் அவரைக் குழம்பும் சாப்பிட்டுத்தான் காட்டில் வேலை செய்தார்கள். ஆனால் ராகி மாவு 100 கிராமில் சுமார் 70 கிராம் மாவுச்சத்துதான். களி வயிற்றில் நின்று பசி தாங்கும் என்பதால் பயிற்சிக்கு மூன்று மணி நேரம் முன்னாலோ, பயிற்சி முடிந்த பிறகோ சரி. அரை மணி நேரம் முன்னால் களி சாப்பிட்டுவிட்டு ஓட வராதீர்கள்.

ஜிம்முக்குக் குளுக்கோஸ் கலந்து எடுத்துட்டு வரலாமா?

ஒரு மணி நேரப் பயிற்சிக்குத் தண்ணீர் போதும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உதவும், எடை குறைக்க வந்தவர்களுக்கு அது தேவையில்லை.

போலீஸ் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்துல ஓடணும். தொப்பையும் குறையணும், அண்ணா.

ஒரே நேரத்தில் இரண்டும் வேண்டாம், தம்பி. தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தால் முதல் இரண்டு மாதம் அளவைக் குறைத்து எடையை இறக்கு. கடைசி ஒரு மாதம் வயிறாரச் சாப்பிட்டு வேகத்தைக் கூட்டு. காலையும் மாலையும் பயிற்சி இருக்கிற நாளில் காலைப் பயிற்சி முடிந்ததும் தாமதிக்காதே. மேலே சொன்ன எட்டு மணி நேரக் கணக்கு உனக்குத்தான். 65 கிலோ எடை என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் 65 கிராம் மாவுச்சத்து, ஒன்றரைக் கப் சோறு மாதிரி.

கொடைக்கானல்ல ஏரியைத் தினம் ஒரு சுத்து நடக்கறேன். எடை குறையலையே?

ஏரிச் சுற்று சுமார் 5 கிலோமீட்டர். 65 கிலோ எடையுள்ளவர் நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். நடந்து முடித்த கையோடு வீட்டில் செய்த சாக்லேட் 50 கிராம் வாங்கி வாயில் போட்டால் அந்த 250ம் திரும்பிவிடும். நடைக்குப் பிறகு இனிப்பு வேண்டுமென்றால் பேரிக்காயோ ப்ளம்ஸோ கிடைக்கிற பருவத்தில் அதைச் சாப்பிடுங்கள், மற்ற நாளில் மலைவாழைப்பழம்.

எனக்கு சுகர் இருக்கு. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

அப்படியே பொருந்தாது. தயவுசெய்து இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். பயிற்சிக்கு முன் சோதித்து 90க்குக் கீழே இருந்தால், 15 கிராம் அளவுக்கு மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள். 250க்கு மேல் இருந்து, உடம்பும் சரியில்லை என்றால் அன்றைக்குப் பயிற்சி வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். பயிற்சியின் நடுவே கை நடுங்கினால், வியர்த்துக் கொட்டினால், கண் இருண்டால் உடனே நிறுத்தி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், 15 நிமிடம் கழித்துச் சோதியுங்கள். குளிரில் நடுங்குகிறோம் என்று நினைத்து இதைத் தவறவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலையில் இருக்கிற நமக்கு அந்தக் குழப்பம் சுலபமாக வரும். மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் சர்க்கரை நடு இரவிலும் இறங்கலாம். மருந்தின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை, என் வேலையும் இல்லை, உங்கள் வேலையும் இல்லை.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. எல்லாச் சர்க்கரைக்காரர்களுக்கும் ஒரு நல்ல செய்தி: சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரை குறையும். மழை நாளில் வீட்டுக்குள் நடந்தாலும் போதும்.

சரியாப் போகுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வாரத்தில் மூன்று நாள், காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்றையும் கூட்டிச் சராசரி எழுதுங்கள். ஒரு நாள் எடையை நம்பாதீர்கள். தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள். மூன்று வாரம் சராசரியும் இடுப்பும் அசையவில்லை என்றால் அளவில் ஒரு கரண்டிச் சோறு எடுத்துவிடுங்கள். எந்த வேளையில் என்று கேட்பீர்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ள சாப்பாட்டைத் தொடாமல், அதிலிருந்து தள்ளி இருக்கிற வேளையில் எடுங்கள். மாலையில் பயிற்சி செய்கிறவருக்குக் காலை இட்லியில் ஒன்று, காலையில் ஓடுகிறவருக்கு இரவுச் சோற்றில் ஒரு கரண்டி.